கருணாம்பிகை... அவிநாசி தந்த அழகுப் பெயர்!

திருப்பூர் வட்டாரத்து ரேஷன் கார்டுகளில் பாட்டிமார் பெயராக அடிக்கடி கண்ணில் படுவது, கருணாம்பிகை. கொஞ்சம் நீளம்தான். ஆனால், கூப்பிட்டுப் பாருங்கள், இனிக்கும்!

பெயரின் பிறந்தவீடு அவிநாசி. ‘விநாசம்’ என்றால் அழிவு, அவிநாசி, அழிவில்லாதவர். அவிநாசியப்பருக்கு வலப்பக்கம் சந்நிதி கொண்ட அம்மன்தான் கருணாம்பிகை. கருணையும் அம்பிகையும் சேர்ந்த பெயர். அம்பிகை என்றால் தாய். தமிழில் பெருங்கருணை நாயகி என்றும் சொல்வார்கள்.

ஊருக்கும் கருணைக்கும் பெரியபுராணத்தில் ஒரு கதை உண்டு. திருப்புக்கொளியூர் என்ற பழைய பெயரில் அவிநாசி இருந்த காலம். சுந்தரர் வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. சேர்ந்து குளிக்கப்போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை முன்பே முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்குத்தான் இன்று பூணூல். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களோ, சுந்தரரைக் கண்டதும் துக்கத்தை மறைத்து, மலர்ந்த முகத்தோடு வந்து வணங்குகிறார்கள். ‘மகனை இழந்தவர்கள் நீங்கள்தானா?’ என்று அவராகவே கேட்கிறார். குளக்கரையில் அவர் பதிகம் பாட, முதலை பிள்ளையைத் திருப்பித் தருகிறது, இடைப்பட்ட வருடங்களின் வளர்ச்சியோடு!

இதே பொருளில் தூரதேசத்திலும் ஒரு பெண் பெயர் உண்டு. கருணை மாதாவான மரியாளைக் குறித்து ஸ்பானிய மொழியில் வைத்த பெயர், மெர்சிடிஸ். எமில் யெலினெக் என்ற வியாபாரி தன் மகளை அப்படித்தான் அழைத்தார். 1901-ல் டைம்லர் கம்பெனியின் காருக்கும் அந்தப் பெயரே வந்தது. அவிநாசி ரோட்டில் பறக்கும் பென்ஸ் கார் ஓனர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் கருணாம்பிகை, ‘கருணா’ ஆகிவிடுவார். ஆண் பெயரா, பெண் பெயரா என்ற குழப்பம் வேறு. இதைவிடப் பெரிய தொல்லை, கடைசி எழுத்து. ஆங்கிலத்தில் ‘கை’க்கு ‘கே’ போடுவதா, ‘ஜி’ போடுவதா? ஆதாரில் ஒன்று, பாஸ்புக்கில் இன்னொன்று என்றிருந்தால், வருடக்கணக்கில் தையல் மெஷினில் உட்கார்ந்து சேர்த்த பி.எஃப். பணத்தை எடுக்கும்போது அந்த ஓர் எழுத்து வந்து மறிக்கும். வீட்டில் ஒரு கருணாம்பிகை இருந்தால், ஆதார், பி.எஃப்., வங்கிக் கணக்கு மூன்றையும் எடுத்து ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். வேலையில் இருக்கும்போதே திருத்துவது சுலபம். கம்பெனி மாறிவிட்டால் சிலர் கையெழுத்துக்கு அலைய நேரலாம்.