படுக்கையிலும் ஒரு வேலை

குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கை. மருமகள் பெட்பேன் வைக்கும்போதெல்லாம், 'ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்' என்றுதான் ஜெபிப்பேன்.

பார்க்க வந்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா, "டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மா 1931-ல விழுந்து அடிபட்டவங்க. 1951-ல இறக்கிற வரைக்கும் பெரும்பாலும் அந்த அறையிலதான். அங்கிருந்தே எத்தனை புத்தகம் எழுதினாங்க தெரியுமா?" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நானென்ன புத்தகமா எழுதப் போகிறேன்? ஆனால், ராத்திரி முழுக்க அதே நினைப்பு. மறுநாள் ஜெபத்தை மாற்றினேன். 'இன்றைக்கு எனக்கொரு வேலை கொடும்.'

முருங்கைக்கீரையைக் கேட்டு வாங்கி, தலையணையில் சாய்ந்தபடி உருவிக் கொடுத்தேன். பேரனிடம் வாய்ப்பாடு கேட்டேன். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறேன். கீரை மட்டும் இன்னும் என் பொறுப்புதான். மருமகளைத் தொட விடமாட்டேன்!

– ஒரு வாசகி, நாசரேத்.