தொடர் இயக்கப் பணிகளில் கவனச் சறுக்கல்

கவனச் சறுக்கல் என்பது, படகு செலுத்துதல், வண்டி ஓட்டுதல் போன்று இடைவிடாது கையால் திருத்தம் செய்ய வேண்டிய பணிகளில் ஈடுபடுபவர் சில நொடிகள் செயலற்றுப் போவதைக் குறிக்கும். இது அக்கறையின்மையால் மட்டும் நேர்வதன்று, நலமுடையோரிடத்தும் காணப்படுவதாகும்.

வகைகள்

இது பொதுவாக இரு வகைப்படும்.

1. குறுந்துயில்: இமைகள் தாழ, சில நொடிகள் மட்டுமே நீடிக்கும் தூக்கம். தாம் உறங்கியதைப் பலர் உணர்வதில்லை.
2. கவன விலகல்: கண்கள் திறந்திருந்தும் எண்ணம் வேறிடம் செல்லுதல்.

ஆய்வுகள்

ரேடார் திரையைக் கண்காணிப்போர் குறித்து ஆராய்ந்த பிரித்தானிய உளவியலாளர் நார்மன் மாக்வொர்த், முதல் அரை மணி நேரத்திலேயே கண்டறியும் திறன் குறைவதை 1948 இல் விளக்கினார். நியூசிலாந்தில் நடத்தப்பெற்று 2006 இல் வெளியான ஆய்வொன்றில், திரையில் நகரும் இலக்கை 15 பேர் ஒரு மணி நேரம் கையால் பின்தொடர்ந்தனர். அவர்கள் தூக்கம் இழந்தவர்கள் அல்லர். எனினும் 14 பேரிடம் சறுக்கல்கள் பதிவாயின.

காரணங்கள்

பணியின் ஒரே சீரான தன்மை, தூக்கக் குறைவு, உடலின் நாள் ஒழுங்கு ஆகியவை முதன்மையானவை. பின்னிரவிலும் விடியலுக்கு முன்னும் விழிப்புநிலை மிகத் தாழ்ந்திருக்கும்.

கடலில் விளைவு

காரைக்கால் மாவட்டத்தின் காரைக்கால்மேடு வங்கக் கடலோர மீனவர் ஊராகும். இத்தகைய ஊர்களின் பைபர் படகுகளில், பின்புறம் அமர்ந்தவர் எஞ்சினின் கைப்பிடியைத் திருப்பித் திசையைக் காக்கிறார். அலையும் காற்றும் படகை விலக்கிக்கொண்டே இருப்பதால் திருத்தம் ஓய்வதில்லை. மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகு 10 நொடிகளில் ஏறத்தாழ 41 மீட்டர் கடக்கும். எதிரே 15 கடல் மைல் வேகத்தில் சரக்குக் கப்பல் வந்தால், அதே 10 நொடிகளில் இடைவெளி ஏறத்தாழ 118 மீட்டர் குறையும்.

தடுப்பு முறைகள்

மன உறுதியால் மட்டும் இதைத் தவிர்க்க இயலாது என்பதால் கருவிகள் பயன்படுகின்றன. இந்திய இரயில் எஞ்சின்களில் உள்ள விழிப்புக் கண்காணிப்புக் கருவி, ஓட்டுநர் ஏறத்தாழ ஒரு நிமிடம் எதையும் இயக்காவிடில் விளக்காலும் ஒலியாலும் எச்சரித்து, பின்னர்த் தானே பிரேக்கிடும். கப்பல்களுக்கான இதையொத்த எச்சரிக்கை அமைப்பைக் கட்டாயமாக்கும் விதியைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2009 இல் ஏற்றது. சிறு மீன்பிடிப் படகுகள் அதில் அடங்கா. அவற்றில் முறை மாற்றிச் செலுத்துவதும், செலுத்துபவருடன் மற்றொருவர் விழித்திருப்பதுமே காப்பாகும்.