ஒரு பிள்ளையின் அழுகையும் உளவியலாரின் பார்வைகளும்

காலை ஏழு மணி. சீருடை அணிவித்தாயிற்று. புத்தகப்பையும் தோளில் ஏறிவிட்டது. ஆனால் ஏழு வயது மகன் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். "ஸ்கூலுக்குப் போக மாட்டேன்." நேற்றும் இதே கதை, முந்தாநாளும் இதே கதை.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "ரெண்டு அடி போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் வாப்பா. "போனால் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள்" என்கிறாள் சாச்சி. "கண்டுகொள்ளாதீங்க, அழுது ஓய்வான்" என்பது பக்கத்து வீட்டு ராத்தாவின் ஆலோசனை. உம்மும்மா மட்டும், "பிள்ளைட மனசில என்னமோ கிடக்குது" என்று முணுமுணுக்கிறார். உம்மாவோ யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறாள்.

சகோதரிகளே! இவர்களில் எவரும் உளவியல் படித்தவரல்லர். எனினும் இந்த வாசற்படியில் நடக்கும் விவாதத்தைத்தான் உளவியல் அறிஞர்களும் நூறு வருடங்களுக்கு மேலாக நடத்தி வந்திருக்கிறார்கள்.

தனிக் கலையாகப் பிறந்த கதை

மனதைப் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் தத்துவத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1879ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லைப்சிக் நகரப் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வூண்ட் என்பவர் இதற்கென ஆய்வுகூடம் ஒன்றை அமைத்தார். உளவியல் தனித்துறையானது அன்றிலிருந்து என்பர். அதன் பின்னரே பல சிந்தனைப் பிரிவுகள் தோன்றின.

மறைந்து கிடப்பதைத் தேடுவோர்

வியன்னாவின் மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட் உளப்பகுப்பாய்வு என்ற பிரிவின் தந்தை. கனவுகள் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1900ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. நாம் உணரும் மனதின் கீழே நனவிலி மனம் என்றொன்று இருக்கிறது. வெளியே சொல்ல முடியாத அச்சங்களும் ஆசைகளும் அங்கே புதைந்து கிடந்து வேறு உருவில் தலைகாட்டுகின்றன என்பது அவரது வாதம். அவருடைய கருத்துக்கள் பலவற்றை இன்றைய அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் சிறுவயது அனுபவங்கள் முக்கியமானவை, மனந்திறந்து பேசுவது ஆறுதல் தரும் என்ற இரண்டும் நிலைத்துவிட்டன. நமது உம்மும்மா இந்தப் பக்கம்!

நடத்தையை மட்டும் பார்ப்போர்

"மனதை யார் கண்டது? கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வோம்" என்று 1913இல் எழுந்தது நடத்தைவாதம். இதன் முன்னோடி அமெரிக்கரான ஜோன் வொட்சன். உணவுக்கு முன் ஒலி கேட்டுப் பழகிய நாய்க்கு ஒலி கேட்டதுமே எச்சில் ஊறும் என்று ரஷ்யாவின் பாவ்லோவ் காட்டியிருந்தார். 1920இல் வொட்சனும் அவரது உதவியாளரும் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையிடம் இதைப் பரீட்சித்தனர். குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். எலிக்குப் பயப்படாத குழந்தை எலியைக் கண்டாலே அழத் தொடங்கியது. முயலுக்கும் பயந்தது. அந்தப் பயத்தை நீக்காமலே பரிசோதனையை முடித்துக்கொண்டார்கள் என்பது வேதனைக்குரியது.

இதற்குப் பரிகாரம்போல் 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி ஓர் ஆய்வை வெளியிட்டார். முயலுக்குப் பயந்த சிறுவன் விரும்பிய உணவை உண்ணும்போது முயலைத் தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். ஈற்றில் சிறுவன் முயலைத் தடவி விளையாடினான். பயத்தைப் பழக்கலாம் என்றால் பயமின்மையையும் பழக்கலாம் அல்லவா?

பின்னர் வந்த ஸ்கின்னர், நற்செயலுக்குக் கிடைக்கும் பரிசு அச்செயலை வளர்க்கும் என்றார். தண்டனையோ செயலைத் தற்காலிகமாக அடக்கி வைக்கும், அவ்வளவுதான் என்பதும் அவர் கருத்தே. சாச்சிக்குப் பாதி ஆதரவு, வாப்பாவுக்கு ஆதரவில்லை!

அணைக்காதே என்ற ஆலோசனை

இங்கே தாய்மார் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. 1928இல் குழந்தை வளர்ப்புப் பற்றி எழுதிய நூலில் வொட்சன், பிள்ளைகளை அணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று உபதேசித்தார். விஞ்ஞானம் சொல்கிறது என்று நம்பித் தம் கைகளைக் கட்டிப்போட்ட தாய்மார் எத்தனை பேரோ!

அதே அமெரிக்காவில் 1958இல் ஹாரி ஹார்லோ வேறொரு முடிவை வெளியிட்டார். தாயிடமிருந்து பிரித்த குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பி. மற்றது மென்துணி போர்த்தியது. கம்பித் தாயிடம் பால் இருந்தபோதும் குட்டிகள் பாலை மட்டும் குடித்துவிட்டுத் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. பிள்ளைக்கு வேண்டியது பால் மட்டுமல்ல, அணைப்பும்தான் என்பது தெளிவானது.

முழுமை, மதிப்பு, எண்ணம்

ஜேர்மனியில் 1912 அளவில் வெர்த்தைமர் தொடங்கிய முழுநிலைக் காட்சிக் கொள்கை, துண்டு துண்டாகப் பிரித்தால் முழுமை புலப்படாது என்றது. அழுகையை மட்டும் பார்க்காமல் வீடு, வழி, வகுப்பறை என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தூண்டும் கொள்கை இது.

மனிதநேய உளவியலாரான மாஸ்லோ 1943இல் மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தினார். பசி தீர்ந்தபின் பாதுகாப்பு, அதன்பின் அன்பு, மதிப்பு என அது உயரும். கார்ல் ரொஜர்ஸ், நிபந்தனை போடாமல் ஒருவரை ஏற்று, அவர் சொல்வதைச் செவிமடுப்பதே மருந்து என்றார்.

1960களில் வலுப்பெற்றது அறிகை உளவியல். நிகழ்ச்சியைவிட அதைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணமே நம்மை அலைக்கழிக்கிறது என்றார் மருத்துவர் ஆரோன் பெக். அறிகையையும் நடத்தையையும் இணைத்த சிகிச்சை, பதற்றத்திற்கும் மனச்சோர்வுக்கும் இன்று பரவலாக அளிக்கப்படுகிறது.

வாசற்படிக்குத் திரும்புவோம்

நமது கதையில், இரவு உம்மும்மாவின் மடியில் படுத்திருந்த சிறுவன் மெல்ல வாய்திறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பாடசாலை மலசலகூடத்தின் கதவு இறுகிக்கொண்டதாம். கத்தினானாம், யாரும் வரவில்லையாம். காற்சட்டையும் நனைந்துவிட்டதாம்.

இப்போது எல்லாப் பார்வைகளும் கைகொடுக்கின்றன. வெட்கத்தால் மறைத்தது வெளியே வந்தது. கதவின் மீதான பயம் பாடசாலை முழுவதற்கும் படர்ந்திருக்கிறது. "கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்" என்ற எண்ணம் ஊன்றியிருக்கிறது. கதவைத் திருத்தச் சொல்லலாம், முதல் நாள் உம்மா கூடவே நிற்கலாம், அடுத்த நாள் வாசல்வரை, பிறகு நண்பனுடன். போய் வந்ததும் ஒரு பாராட்டு. பல வாரங்கள் சென்றும் அழுகை தீராவிட்டால் மருத்துவரிடம் காட்டத் தயங்கக்கூடாது.

அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதவுக்குப் பயந்தவன் வாப்பாவுக்கும் பயந்திருப்பான். கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், யாரும் வரமாட்டார்கள் என்ற அவன் எண்ணம் வீட்டிலும் உறுதியாகியிருக்கும்.

அறிஞர் ஒவ்வொருவரும் மனித மனதின் ஒரு பக்கத்தைக் கண்டார்கள். ஒரு பக்கத்தையே முழுமையென்று சாதித்தபோது தவறினார்கள். நாமும் அப்படித்தான். நாளைக் காலை உங்கள் பிள்ளை அழுதால், "ஏன் அழுகிறாய்?" என்று அதட்டும் முன் பக்கத்தில் அமர்ந்து, "என்ன நடந்தது மகன்?" என்று கேட்டுப் பாருங்கள்.