ஜீப்பின் சில்லும் அம்மாவின் முதுகும்

வண்டி பெரிதானால் பயணம் சுகமாகும் என்பது நம்மவரிடையே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. விற்பனையாளர் எஸ்.யூ.வி. என்று குறிப்பிடும் உயர்ந்த வண்டிகள் யாவற்றையும் நம் ஊரார் ஜீப் என்றே அழைப்பர். அத்தகைய ஜீப் ஒன்று வாசலில் வந்து நின்றுவிட்டால், வீட்டு முதியோரின் பயணத் துன்பம் தீர்ந்துவிட்டது என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். நாங்களும் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணம் பிழைத்த கதையையும், பிழையைப் பின்னர் திருத்திய விதத்தையும், வண்டி வைத்திருப்போருக்கும் பொறியியலில் விருப்பமுள்ள மாணவருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இங்கே எழுதுகின்றேன்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளுக்கு இருந்த கிராக்கியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்திலே, 2021இல், என் தமையனார் பெரும்பணம் கொடுத்து 2005ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா பிராடோ ஒன்றை வாங்கினார். வாங்கிய கையோடு கொழும்பிலுள்ள ஒரு கடையில் அதன் 17 அங்குலச் சில்லுகளைக் கழற்றி, பளபளக்கும் 20 அங்குலச் சில்லுகளைப் பூட்டுவித்தார். அயலவர் வந்து பார்த்துப் பாராட்டினர். தமையனாரும் பூரித்துப்போனார்.

அடுத்த ஆண்டு அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். முள்ளந்தண்டு என்பு ஒன்றில் வெடிப்பு. மாதந்தோறும் வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்கு 30 கிலோமீற்றர் வரையிலான பயணம். பிரதான வீதி ஓரளவு நன்றாயிருந்தாலும், எங்கள் ஊர் ஒழுங்கைகளின் சீரை நான் விவரிக்க வேண்டியதில்லை. மூன்றாவது பயணம் முடிந்து இறங்கிய அம்மா, இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு, “தம்பி, உன்ரை ஜீப் வடிவாத்தான் இருக்கு. ஆனா அடுத்த முறை நான் பஸ்ஸிலை போறன்” என்றார். தமையனாரின் முகம் வாடிவிட்டது. வண்டியை விற்றுவிடுவதா என்றுகூட அன்றிரவு பேச்சு நடந்தது.

விற்பதற்கு முன் ஒரு முறை காட்டிப் பார்ப்போம் என்று, வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் லாண்ட் றோவர் வண்டிகளுடன் இளமையைக் கழித்தவர் அவர். வந்தவர் வண்டிக்கு அடியிற் புகவில்லை, சாவியையும் கேட்கவில்லை. அமுக்கமானியை எடுத்து நான்கு டயர்களின் காற்றையும் அளந்தார். ஒவ்வொன்றிலும் சதுர அங்குலத்திற்கு 38 இறாத்தல் இருந்தது. சாரதியின் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த சிறு தாளைக் காட்டினார். 29 இறாத்தல் என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. பின்னர் குனிந்து, இரும்புக்கும் தரைக்கும் இடையிலுள்ள இறப்பரின் உயரத்தை விரல்களால் அளந்து, “மெத்தையைக் கழற்றிப்போட்டுப் பலகையிலை படுக்கிறியள்” என்றார்.

அவர் கூறியதன் உட்பொருளை விளங்கிக்கொள்ள, டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்துக்களை வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும். எங்கள் வண்டிக்கு உற்பத்தியாளர் விதித்த அளவு 265/65 ஆர் 17. முதல் எண் டயரின் அகலம்; 265 மில்லிமீற்றர். இரண்டாவது எண், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் கூறும். 265இல் நூற்றுக்கு 65 பங்கு எனின் ஏறத்தாழ 172 மில்லிமீற்றர். ஆர் என்ற எழுத்து, உள்ளிழைகள் ஆரைப்போக்கில் அமைந்த டயர் என்பதைக் குறிக்கும். மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற இவ்வமைப்பே இன்று கார்களிலும் ஜீப்களிலும் எங்கும் காணப்படுகின்றது. இறுதியிலுள்ள 17 சில்லின் விட்டம், அங்குலத்தில்.

கடைக்காரர் பூட்டியது 265/50 ஆர் 20. இதன் மொத்த விட்டம் 773 மில்லிமீற்றர். பழையதன் விட்டம் 776. வெளியளவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே வேகமானி பிழை காட்டவில்லை, டயர் எங்கும் உரசவும் இல்லை. ஆனால் உள்ளே இரும்பு மூன்று அங்குலம் வளர்ந்தபோது அந்த இடத்தை யார் விட்டுக்கொடுத்தார்? பக்கச் சுவர்தான். 172 மில்லிமீற்றராக இருந்த இறப்பரும் காற்றும் 132 ஆகச் சுருங்கிவிட்டன. நான்கு சென்ரிமீற்றர் மெத்தை பறிபோய்விட்டது.

மெத்தை என்பது வெறும் உவமையன்று. வண்டிக்கு வாய்த்த முதலாவது வில் டயருக்குள் அடைபட்ட காற்றே. றொபேட் தொம்சன் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1845இல் காற்றடைத்த சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதனை மறந்துவிட்டது. பின்னர் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான டன்லொப், தம் சிறுமகனின் முச்சக்கர வண்டி குலுங்காதிருக்கவேண்டுமென்று முயன்று, 1888இல் அதனை மீண்டும் கண்டார். மகனின் உடம்பு நோகக்கூடாதென்று பிறந்த பொருள் என்பதை என் தமையனாரிடம் கூறினேன். அவர் சிரிக்கவில்லை.

இனி இரண்டாவது வில்லைப் பார்ப்போம். பழைய லாண்ட் றோவர், 1948இல் அறிமுகமானபோது, மாட்டுவண்டியின் உறவினன் என்று சொல்லத்தக்க அடுக்குத் தட்டு வில்களின் மேல் அமர்ந்திருந்தது. அதே நிறுவனம் 1970இல் வெளியிட்ட றேஞ்ச் றோவர், நீண்ட அசைவுள்ள சுருள்வில்களைக் கொண்டு, காட்டுவழியிற் செல்லும் வண்டியும் சுகமாக ஓடலாம் என்பதைக் காட்டியது. பிராடோவும் சுருள்வில் வண்டியே. ஆயினும் வில் தனியே நன்மை செய்யாது. அமுக்கிய வில் திரும்ப எழும். எழுந்தது மீண்டும் தாழும். அவ்வூசலைத் தணித்து வெப்பமாக மாற்றிவிடுவது ஷொக் அப்சோபர் என்று நாம் கூறும் எண்ணெய்க் குழாய். அதிர்ச்சியை முதலில் ஏற்பது வில். ஷொக் அப்சோபர் செய்வது அதனை அடக்குவது. பெயரைக் கேட்டுப் பலர் இதனைத் தலைகீழாக விளங்கிக்கொண்டிருக்கின்றனர்.

பௌதிகம் படிக்கும் மாணவர் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. சில்லு, டயர், பிரேக் முதலியன வில்லுக்குக் கீழே தொங்கும் பாரம். இப்பாரம் கூடக்கூட, பள்ளத்தில் விழுந்த சில்லு விரைவாக எழமாட்டாது. எழுந்தால் எளிதில் அடங்கவும் மாட்டாது. ஷொக் அப்சோபருக்கு அந்த ஆட்டத்தை அடக்க வலு போதாதுபோனால், எஞ்சியதெல்லாம் ஆசனத்துக்கு ஏறும். சில்லின் விட்டம் பெருகும்போது பெரும்பாலும் இப்பாரமும் பெருகுகின்றது.

மெக்கானிக்கின் சொற்படி, செலவில்லாத காரியத்தை முதலிற் செய்தோம். காலையில், வண்டி ஓடுமுன், காற்றைக் கதவுத்தாளின் அளவுக்கு அருகே கொண்டுவந்தோம். குலுக்கம் சற்றுக் குறைந்தது. இன்னும் குறைத்தால் இன்னும் சுகமாயிருக்குமே என்று தமையனார் கேட்டார். இஃது ஆபத்தான ஆசை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து சூடேறும், நெடும்பயணத்தில் வெடிக்கவுங்கூடும். ஓடிச் சூடேறிய டயர் சில இறாத்தல் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவதும் தவறு.

அடுத்தது டயரும் சில்லும். பழைய 17 அங்குலச் சில்லுகளை அண்ணர் கொழும்பிலேயே விற்றுவிட்டிருந்தார். வேறு சில்லு தேடியபோது, ஒரு கடையில் மிட்சுபிஷி பஜேரோவின் சில்லுகளைக் காட்டி, “ஆறு ஆணி, அளவும் ஒன்றே” என்றனர். ஆணித் துளைகளின் வட்டம் இரண்டு வண்டிக்கும் 139.7 மில்லிமீற்றர் என்பது உண்மையே. ஆனால் நடுத்துளை வேறு. பஜேரோவுக்கு 67 மில்லிமீற்றர், பிராடோவுக்கு 106. அதனைக் குடைந்து பூட்டித் தருவதாகவும் கூறினர்! சில்லு உள்நோக்கியோ வெளிநோக்கியோ எவ்வளவு தள்ளி நிற்கும் என்ற அளவும் வேறு. அது மாறினால் ஸ்டியரிங்கின் நடத்தையும், சில்லின் பேரிங் தாங்கும் சுமையும் மாறும். நன்றி கூறி வெளியேறினோம். இரண்டு வாரம் அலைந்து, அதே இன வண்டியின் உண்மையான சில்லுகளையே வாங்கினோம்.

டயர் வாங்கும்போது மேலும் இரண்டு எண்களை வாசிக்கவேண்டும். ஒன்று பாரச் சுட்டெண். எங்கள் அளவுக்கு 112 என்றிருந்தது. ஒரு டயர் 1120 கிலோகிராம் தாங்கும் என்பது பொருள். கழற்றிய 20 அங்குல டயரிலோ 107தான், 975 கிலோகிராம். மற்றையது, தயாரித்த காலத்தைக் கூறும் நான்கு இலக்கங்கள். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. புத்தம் புதியது என்று ஒரு வியாபாரி நீட்டிய டயரில் 1417 என்றிருந்தது. அதாவது 2017ஆம் ஆண்டின் பதினான்காம் வாரம். நாங்கள் அதைப் பார்த்தது 2022இல். ஓடாவிட்டாலும் இறப்பர் முதுமையடையும். விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றோம்.

தரையைப் பற்றும் முகத்தின் கோலத்திலும் பலர் ஏமாறுகின்றனர். பெரிய பெரிய கட்டைகளாக வெட்டிய சேற்று டயர் பார்ப்பதற்கு வீரமாயிருக்கும். தார் வீதியில் அது இரைச்சலும் அதிர்வுமே தரும். எல்லாத் தரைக்குமாகச் செய்தது வயலுக்கும் காட்டுக்கும் அடிக்கடி செல்வோருக்குப் பொருந்தும். வைத்தியசாலைக்கும் கோயிலுக்கும் ஓடும் வண்டிக்கு நெடுஞ்சாலை டயரே போதும் என்பது என் அபிப்பிராயம். 265/70 போன்ற உயர்ந்த டயரைப் போட்டால் இன்னும் மென்மை கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும், ஆனால் மொத்த விட்டம் 803 மில்லிமீற்றராகிவிடும். வேகமானி 60 காட்டும்போது வண்டி 62இல் ஓடும். வளைவில் உட்பக்கம் உரசவுங்கூடும். விதித்த அளவையே போட்டோம்.

அன்று மாலை ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தபோது, கூரிய அடிகள் மறைந்துவிட்டன. ஆயினும் வேகத்தடையைத் தாண்டியபின் வண்டி தோணிபோல் மூன்று நான்கு முறை ஆடியது. இருந்த கடுமை இதுவரை அந்த ஆட்டத்தை மறைத்திருந்தது போலும். இப்போதுதான் மெக்கானிக் வண்டிக்கு அடியிற் புகுந்தார். பின் ஷொக் அப்சோபர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. முன்பக்கத்து இறப்பர் புஷ்கள் வெடித்துக் கிடந்தன. நான்கு ஷொக் அப்சோபர்களையும் உற்பத்தியாளரின் அளவிலேயே மாற்றினோம். வண்டியை உயர்த்தும் கடினமான வில்களைச் சிலர் சிபாரிசு செய்தனர். பாரமேற்றிக் காட்டுக்குச் செல்வோருக்கு அவை உதவலாம், முதுகு நொந்த தாய்க்கு உதவா. சில்லுகளின் நேர்மையும் சமநிலையும் பார்த்து முடிந்தபோது மாதக் கடைசியாகிவிட்டது.

அடுத்த வைத்தியசாலை நாளில் அம்மா முதலில் பஸ் தரிப்பிடத்தை நோக்கித்தான் நடந்தார். மிகவும் மன்றாடியே ஏற்றினோம். வல்லை வெளியைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து நித்திரையாகியிருந்தார்.

20 அங்குலச் சில்லுகள் நான்கும் வாங்குவாரின்றி இன்னும் எங்கள் பின்வளவிற் கிடக்கின்றன. ஒன்றின்மேல் அம்மாவின் கோழி அடைகாக்கின்றது.