ஒரு பிக்கப்பின் முதுகு மாற்றுப் படலம்!

அமெரிக்காவில் சில ஆசாமிகள் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலை காப்பி குடித்த கையோடு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற தங்கள் பிக்கப் லாரியின் பின்பக்கத்தைக் கழற்றிக் கடாசிவிடுவார்கள். அதிகம் போனால் எட்டு போல்ட். பின்விளக்கு ஒயர், பெட்ரோல் ஊற்றுகிற வாய் இரண்டையும் விடுவித்து, "தூக்குடா மாப்ளே" என்று நாலு நண்பர்கள் கை கொடுத்தால் முடிந்தது. கம்பெனிக்காரன் கொடுத்த தொட்டி கொல்லைப்புறத்துக்குப் போய்விடும். மிச்சம் நிற்பது ஒரு கேபின், இரண்டு நீளச் சட்டம், நாலு சக்கரம். பார்க்க உரித்த கோழி மாதிரி இருக்கும்!

அப்புறம் இரும்புக் குழாயும் தகடும் வாங்கி வந்து, வெல்டிங் மிஷினைக் கிளப்பி, தட்டையாக ஒரு மேடையைத் தாங்களே கட்டி அதன்மேல் உட்கார வைப்பார்கள். ‘பிளாட்பெட்’ என்று பெயர். பக்கச் சுவர் கிடையாது, பின்கதவு கிடையாது. நம்ம ஊர் கட்டை வண்டிக்கு இன்ஜின் வைத்த மாதிரி.

"ஏன் சார், அவனுக்கு வேறு வேலை வெட்டி இல்லையா?" என்றுதானே கேட்கிறீர்கள்? காரணம் இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று.

ஒன்று, உப்பு. பனி கொட்டுகிற வட மாநிலங்களில் ரோட்டில் பனி உறையாமலிருக்க உப்பைக் கொட்டுவார்கள். ரோட்டுக்கு நல்லது, வண்டிக்கு எமன். சில வருஷத்தில் தொட்டியின் தகடு நமத்துப்போன அப்பளம் மாதிரி கையோடு வந்துவிடும். இரண்டு, பாறை. கலிஃபோர்னியாவில் ரூபிகன் டிரெயில் என்று சுமார் 35 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைப்பாதை இருக்கிறது. பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது, பெரும்பாலும் பாறைதான். இறங்கும்போது பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் தொட்டியின் வால்தான் முதலில் பாறையில் இடிக்கும். நாமே கட்டினால் வாலைக் குட்டையாக வெட்டி, அடிப்பக்கத்தை மேல்நோக்கிச் சாய்த்துவிடலாம். மூன்று, தொட்டிக்குள் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு இடத்தை அடைக்கும் சக்கர மேடு. மேடை டயருக்கு மேலே போய்விட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

இன்னொரு விஷயம், இது புதுப் பைத்தியமும் இல்லை. ஃபோர்டு கம்பெனி தொழிற்சாலையிலேயே தொட்டி வைத்த பிக்கப்பை விற்க ஆரம்பித்தது 1925-ல்தான். அதற்கு முன்னால் விவசாயிகள் மாடல் டி காரின் பின்பக்கத்தை வெட்டி, மரப்பெட்டி அடித்து, மூட்டை ஏற்றிக்கொண்டுதான் சந்தைக்குப் போனார்கள். அதாவது கம்பெனித் தொட்டிக்கு வீட்டுத் தொட்டி அண்ணன்!

சந்து சொல்லும் சங்கதி

இப்போது விஷயத்துக்கு வருவோம். எந்த பிக்கப்பையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். ‘கம்பெனிக்காரன் தகடு மிச்சம் பிடித்திருக்கிறான்’ என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சந்து வேண்டுமென்றே விட்டது.

வண்டியின் ஒரு முன்சக்கரம் மேட்டில் ஏறி, எதிர்மூலைப் பின்சக்கரமும் மேட்டில் ஏறினால், அடியில் இருக்கும் சேஸிஸ் சட்டம் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். கேபின் ஒரு பக்கம் சாயும், தொட்டி மறுபக்கம் சாயும். நடுவில் சந்து இருப்பதால் இரண்டும் மோதிக்கொள்ளாது. பள்ளத்தில் இறங்கி ஏறுகிற வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

வீட்டில் மேடை கட்டுகிறவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். "சும்மா கல்லு மாதிரி கட்டியிருக்கேன் மச்சான்" என்று தடித்தடியாகக் குழாய் போட்டு, அதைச் சேஸிஸ் சட்டத்தோடு வைத்து நேராக வெல்டிங் அடித்துவிடுவார்கள். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. காட்டுப் பாதையில் இறங்கியதும் சட்டம் முறுகப் பார்க்கும். மேல் மேடை "விடமாட்டேன்" என்று பிடித்துக்கொள்ளும். இந்த மல்லுக்கட்டில் எது பலவீனமோ அது விரியும். பெரும்பாலும் வெல்டிங் முடிகிற இடத்தை ஒட்டி விரிசல் விடும். அந்தச் சூட்டில் இரும்பின் குணம் மாறியிருக்கும். அழுத்தம் வந்து குவிவதும் அங்கேயேதான். மேடையில் விரிசல் விட்டால் பரவாயில்லை, மறுபடி பற்ற வைத்துக்கொள்ளலாம். சேஸிஸ் சட்டத்தில் விட்டால்? ஸ்டீயரிங், இன்ஜின், சக்கரம், ஓட்டுகிற ஆசாமி எல்லாம் அதன்மேல்தானே இருக்கிறது!

(வளைந்து கொடுக்கத் தெரியாத மேனேஜரிடம் வேலை பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. விரிசல் விடுவது மேனேஜர் அல்ல!)

முக்காலி ரகசியம்

சரி, என்னதான் வழி? டீக்கடை பெஞ்சில் இருக்கிறது விடை. நாலு கால் பெஞ்சை மேடுபள்ளத் தரையில் போட்டால் டொக் டொக்கென்று ஆடும். ஒரு காலுக்கு அட்டையை மடித்து வைத்தே ஆகணும். மூன்று கால் முக்காலியைப் போடுங்கள். எப்படிப்பட்ட தரையானாலும் மூன்று காலும் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆடவே ஆடாது.

ஜெர்மனியில் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு விவசாய வேலைக்கென்று உருவான யூனிமாக் வண்டியின் சூட்சுமத்தில் இதுவும் ஒன்று. முறுகுகிற சட்டத்தின்மேல் மேடையை மூன்றே இடத்தில் பிடித்திருப்பார்கள். கீழே சட்டம் எப்படி முறுக்கிக்கொண்டாலும் மேலே மேடை முறுகாது.

வீட்டில் கட்டுகிறவர்களும் இதையே செய்யலாம். பின்னால் இரண்டு இடத்தில் கெட்டியாகப் பிடித்துவிட்டு, முன்னால் நடுவில் ஒரே ஒரு சுழலச்சு. அது கஷ்டமென்றால் பின்பக்கம் கெட்டிப் பிடி, முன்பக்கம் நீள போல்ட்டில் ஸ்பிரிங் கோத்துவிடுவார்கள். சட்டம் முறுகும்போது ஸ்பிரிங் அமுங்கி மேடையைக் கொஞ்சம் தூக்க விடும். சமதரைக்கு வந்ததும் பழையபடி உட்காரும். அதிகம் காட்டுக்குள் போகாதவர்களுக்குக் கெட்டி ரப்பர் திண்டு போதும். எப்படியானாலும், சட்டத்தில் தொழிற்சாலையே போட்டு வைத்த துளைகளையும் தாங்கிகளையும்தான் பயன்படுத்தணும். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதிதாகத் துளை போடக் கூடாது. சுமையின் பாரம் முழுக்க அந்த விளிம்புகளில்தான் ஓடுகிறது.

அதற்கும் முன்னால் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கணும். ‘டங்’ என்றால் சரி. ‘தொப்’ என்றால் வீட்டுக்குப் போய்விடலாம். டொயோட்டாவின் டகோமா பிக்கப்பில் சட்டமே துருப்பிடித்து ஓட்டை விழுந்த கதை அமெரிக்காவில் பிரசித்தம். 2008-ல் அந்தக் கம்பெனி, 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்கு உத்தரவாதத்தை 15 வருஷமாக நீட்டியது. ரொம்ப மோசமான வண்டிகளைச் சந்தை விலையைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. அஸ்திவாரமே ஆட்டம் கண்டிருக்கும்போது மேலே எப்பேர்ப்பட்ட மாளிகை கட்டி என்ன பிரயோஜனம்?

பற்றும் வரவும்

அடுத்து, எடை. இதில் ஏமாறாதவர்கள் குறைவு. ஒரு பேப்பரை எடுங்கள். ஒரு கன மீட்டர் இரும்பு 7,850 கிலோ. மேடை 2 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம்.

3 மி.மீ. தகடு போட்டால் 85 கிலோ. அடியில் நீளவாக்கில் 100-க்கு 50 குழாய் இரண்டு, குறுக்கே 50-க்கு 50 குழாய் ஐந்து, ஓரச் சட்டம், கேபின் பின்னால் ஒரு தடுப்பு. எல்லாமே 3 மி.மீ. கனம் என்றால் மொத்தம் ஏறக்குறைய 200 கிலோ.

இப்போது நம்ம ஆள் வருகிறார். "எதுக்கும் கொஞ்சம் கெட்டியாவே போட்ருவோம்!" தகடு 6 மி.மீ., குழாய் 5 மி.மீ. பார்க்க அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. எடை? சுமார் 350 கிலோ! இரண்டு தடிப் பயல்களை வண்டியின் பின்னால் நிரந்தரமாக உட்கார வைத்த கதை. அவர்கள் இறங்கவே மாட்டார்கள். பெட்ரோலும் போட மாட்டார்கள்.

வண்டி இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் மொத்த எடை வரம்பை ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். நீங்கள் எத்தனை பலமாக மேடை கட்டினாலும் அந்த எண் ஒரு கிலோகூட ஏறாது. மேடையில் கூட்டுகிற ஒவ்வொரு கிலோவும் சரக்கில் கழிகிற கிலோ. பேரேட்டில் இந்தப் பக்கம் எழுதினால் அந்தப் பக்கம் குறைந்துதானே ஆகணும்!

பலம் கனத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. 6 மி.மீ. தகட்டைக் குறுக்குச் சட்டம் இல்லாமல் விரிப்பதைவிட, 3 மி.மீ. தகட்டுக்குக் கீழே நெருக்கமாகச் சட்டம் கொடுப்பது மேல். உயரத்திலும் கவனம் வேணும். டயர் முழுசாக மேலே எழும்பினாலும் மேடையில் உரசக் கூடாது. அதற்காக ஏகத்துக்கும் தூக்கிவிட்டால் சுமையும் உயரே போய்விடும். மலைச்சரிவில் பக்கவாட்டாகப் போகும்போது வண்டி குட்டிக்கரணம் போடும்.

கேபினுக்குப் பின்னால் நிற்கும் தடுப்புக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கிற பெயர் ‘ஹெட்ஏக் ராக்’. தலைவலிக் கம்பி! சடன் பிரேக் போட்டால் பின்னாலிருக்கும் இரும்புக் கழி கண்ணாடியை உடைத்துக்கொண்டு மண்டைக்கு வராமல் தடுப்பது. தலைவலி வராமலிருக்க. எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று இதில் மட்டும் கை வைக்கக் கூடாது. சரக்கைக் கட்டுகிற கொக்கிகளிலும்தான். பக்கச் சுவர் இல்லாத மேடையில், கட்டாத சரக்கு பின்னால் வருகிறவன் தலையில்தான் இறங்கும்.

நெருப்போடு விளையாட்டு

பல பிக்கப்புகளில் பெட்ரோல் டாங்க் தொட்டிக்கு அடியிலேயே இருக்கும். ஆகவே மேடையை வண்டியின்மேல் வைத்துப் பற்ற வைப்பது, கல்யாணத்துக்கு வாங்கிய வெடியைச் சமையலறையில் காய வைப்பது போல. தனியாக முட்டுக்கட்டையில் வைத்துக் கட்டி முடித்து, அப்புறம்தான் ஏற்றணும். தவிர்க்க முடியாமல் வண்டியில் வெல்டிங் வைக்க நேர்ந்தால், முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றணும். இல்லாவிட்டால் இன்றைய வண்டிகளின் கம்ப்யூட்டர் பெட்டி கைலாசம் போய்விடும்.

சட்டத்தை முதலில் அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி டேக் அடித்து நிறுத்தி, மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டையும் டேப்பில் பிடிக்கணும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி. அதற்கப்புறம்தான் முழு வெல்டிங். அதையும் ஒரே மூச்சில் இழுத்தால் தகடு சூட்டில் நெளிந்து அலையடிக்கும். இங்கே கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போடணும்.

புகை விஷயத்தில் விளையாட்டே கூடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை அப்படியே பற்ற வைத்தால் அந்தப் புகை, சாயந்திரம் குளிர்க் காய்ச்சலாக வந்து நிற்கும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் முகமூடியோடு வேலை செய்யணும். அதைவிடக் கொடுமை, எண்ணெய்ப் பிசுக்கு போக்க அடிக்கிற சில பிரேக் கிளீனர் ஸ்பிரேக்கள். குளோரின் கலந்த ரகம் ஈரம் காயாமலிருக்கும்போது வெல்டிங் பொறி பட்டால் ஃபாஸ்ஜீன் வாயு பிறக்கும். முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் கொன்ற அதே வாயு. வெல்டிங் பக்கம் அந்த டப்பாவே வரக் கூடாது.

நம்ம ஊரில்?

"பாடி கட்டறது நமக்குப் புதுசா சார்? நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் வந்து பாருங்க" என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. வாஸ்தவம். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸாக வருகிற லாரிக்கு உடம்பு கொடுக்கிற பட்டறைகள் அங்கே உண்டு. சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே மரச்சட்டமோ ரப்பரோ கொடுத்து, யூ போல்ட்டால் இறுக்கிப் பிடிப்பது லாரிப் பட்டறைக்காரர்களுக்கு அத்துப்படி. முறுகும் சட்டத்தோடு நேராக வெல்டிங் வைக்கக் கூடாது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல.

ஆனால் உங்கள் சொந்த பிக்கப்பை ஞாயிற்றுக்கிழமை நீங்களே அறுத்துவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்! அமெரிக்காவிலும் கட்டிவிட்டால் மட்டும் போதாது. பின்விளக்கு, ரிஃப்ளெக்டர், நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் மாநிலத்து விதிப்படி இருந்தால்தான் ரோட்டுக்கு வரலாம். விவரம் தெரிந்தவர்கள் தொட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, மேடை ஏற்றிய பின் ஒரு தடவை எடைமேடைக்குப் போய்ச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால்தான் ‘கெட்டியாகப் போட்ட’ பெருமையின் விலை தெரியும்.

நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கையால் எதையாவது உருப்படியாகச் செய்யமாட்டோமா என்று ஏங்குகிறவரா நீங்கள்? தப்பில்லை. தெருக்கோடி வெல்டிங் பட்டறை அண்ணனிடம் ஒரு மாசம் ஞாயிறு தோறும் போய்த் தொழில் கற்றுக்கொள்ளுங்கள். முதல் வேலையாக ஒரு ஸ்டூல் செய்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

மறக்காமல், மூன்று கால்!