தொட்டியில் படரும் பச்சை: மீன் தொட்டி நீரைப் பேணும் முறை

மட்டாஞ்சேரியின் நெருக்கமான தெருக்களில் தோட்டத்துக்கு இடமில்லாத வீடுகள் மிகுதி. அத்தகைய வீட்டின் முன்னறையில் வைத்த கண்ணாடித் தொட்டியே பலருக்குத் தோட்டமும் குளமுமாக அமைகிறது. ஆனால் வாங்கிய சில வாரங்களிலேயே கண்ணாடி மங்கிப் பச்சை படரத் தொடங்குகிறது. உடனே மீன்களை வாளிக்கு மாற்றி, நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கற்களையும் வடிகட்டியையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்புவோர் பலர். தொட்டி பளிச்சிடுகிறது. ஓரிரு நாள்களில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து திணறி, ஒவ்வொன்றாக மடிகின்றன. பாசியைப் போக்கச் செய்த கழுவலே இங்குப் பெரும்பாலும் மீன்களின் உயிரைப் பறிக்கிறது. இது ஏன் என்று அறிந்துகொண்டால், தொட்டியைப் பேணுவது எளிதாகிவிடும்.

பாசி எதனால் வளர்கிறது?

பாசிக்கு வேண்டியவை ஒளியும் உரமும். மீன்கள் தின்னாமல் விட்ட தீனி, அவற்றின் கழிவு, அழுகும் இலைகள் ஆகியவற்றிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரில் சேர்கின்றன. வரவு செலவை விஞ்சினால் மீதம் கணக்கில் நிற்பதுபோல, தொட்டியின் மிகையான உரம் பாசியாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

இதையே பேருருவில் வேம்பநாட்டுக் காயலில் காணலாம். குட்டநாட்டு வயல்களின் உரமும் ஊர்களின் கழிவும் காயலில் சேர, ஆகாயத்தாமரை அடர்ந்து பரவுகிறது. 1970-களில் கட்டப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணை கோடையில் உப்புநீரைத் தடுப்பதால், தெற்குப் பகுதியில் நீரோட்டம் தேங்கி அதற்கு மேலும் இடமளிக்கிறது. மழைக்காலத்தில் மட்டாஞ்சேரிப் படகுத்துறை வரை மிதந்து வரும் ஆகாயத்தாமரைத் திட்டுகளை அறியாதார் இலர். எத்தனை முறை வாரி அகற்றினாலும், உரம் சேர்வது குறையாதவரை அது மீண்டும் முளைக்கும். தொட்டிப் பாசிக்கும் இதுவே விதி.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளர்கள்

மீன்கள் வெளியிடும் அமோனியா அவற்றுக்கே நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் கற்களின் மேற்பரப்பிலும் வாழும் நுண்ணுயிர்களில் ஒருவகை, அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை, அந்த அளவுக்குத் தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றுகிறது. புதிய தொட்டியில் இவ்வுயிர்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். எனவே தொட்டி வாங்கிய அன்றே நிறைய மீன்களை விடுவது தகாது.

கொச்சி நகருக்குப் பெரியாற்றிலிருந்தும் மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்தும் எடுத்துத் தூய்மையாக்கிய நீர் குழாயில் வருகிறது. அதில் கிருமிகளைக் கொல்லக் கலந்த குளோரின், வடிகட்டியில் வாழும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். மீன்களின் செவுள்களையும் புண்ணாக்கும். முழுத் தொட்டியையும் குழாய் நீரில் கழுவும்போது பல வாரங்களில் வளர்ந்த உயிர்கள் ஒரு மணி நேரத்தில் அழிய, மறுநாளே அமோனியா பெருகத் தொடங்குகிறது.

நிறம் சொல்லும் செய்தி

புதுத் தொட்டியில் கண்ணாடிமேல் பழுப்புப் பொடிபோலப் படிவது டயட்டம் என்னும் பாசி. துடைத்தால் போய்விடும், தொட்டி முதிர முதிரத் தானே குறையும். கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் தோன்றுவது ஒளி மிகுதியைக் காட்டும். நூல்போல நீளும் பாசி, ஒளியோடு உரமும் மிகுந்ததற்கு அடையாளம். கரும்பச்சைப் போர்வையாகக் கற்களை மூடி நாற்றம் வீசுவது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்த நீலப்பச்சைப் பாசி. அதை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும்.

நீரே பச்சையாக மாறினால் கூடுதல் கவனம் தேவை. பகலில் உயிர்வளியை வெளியிடும் பாசி, இரவில் அதை உட்கொள்கிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். கொச்சியின் வெப்பத்தில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய்திறப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. அத்தகைய தொட்டியில் காற்றுக்குழாயை இரவு முழுதும் இயக்குவது உயிர் காக்கும்.

பேணும் முறை

• தொட்டியை நேர்வெயில் படும் சன்னலருகே வைக்கலாகாது. விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரியவிட்டால் போதும்.

• இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே தீனி இட வேண்டும். மீந்ததை அன்றே அகற்ற வேண்டும்.

• வாரம் ஒருமுறை நீரில் கால்பங்கை மாற்ற வேண்டும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அதன் கால்பங்கு ஏறத்தாழ ஒரு வாளி நீர். அடியில் தங்கிய கசடோடு சேர்த்துக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றுவது நன்று.

• புதுநீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் காற்றோட்டத்துடன் வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். குளோரின் நீக்கும் மருந்தையும் குறித்த அளவில் பயன்படுத்தலாம். கடலோரக் கிணற்று நீரில் உப்புக் கலந்திருக்கக்கூடும் என்பதால் அது நன்னீர் மீன்களுக்கு ஏற்றதன்று.

• வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெல்லப் பிழிய வேண்டும். சோப்பு எதற்கும் கூடாது.

• மழைக்காலத்தில் மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்டால் தீனியை நிறுத்திவிட வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுக்குழாய் கைவசம் இருப்பது நலம்.

'கிளீனர் மீன்' தீர்வாகுமா?

பாசியைத் தின்னும் என்று கடைகளில் விற்கப்படும் சக்கர் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. அது 30 செ.மீ.க்கு மேல் வளரும். தன் கழிவால் உரத்தையும் கூட்டும். இடம் போதாமற் போகும்போது பலர் அதைக் கால்வாயிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். கேரளத்தின் நீர்நிலைகளில் இம்மீன் இப்போது பரவியுள்ளது. 2018-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின், வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா என்னும் அயல்நாட்டுப் பெருமீனும் ஆறுகளில் பிடிபட்டது. 1865-இல் பிரான்சிஸ் டே விவரித்து, சென்னை ஆளுநர் டெனிசன் பெயரைச் சூட்டிய 'மிஸ் கேரளா' போன்ற மேற்குத் தொடர்ச்சி மலை மீன்கள் ஏற்கெனவே அருகி வருகின்றன. அவற்றின் வாழிடத்தில் அயல் மீன்கள் புகுவது மேலும் ஓர் இடர். வளர்க்க இயலாத மீனைக் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைப்பதே முறை.

சிறிதளவு பாசி இருப்பது தொட்டிக்குக் குறையன்று. அது நைட்ரேட்டை உண்டு நீரைக் காக்கவும் செய்கிறது. பச்சை மிகுந்து தோன்றினால், முதலில் விளக்கின் நேரத்தையும் தீனியின் அளவையும் குறைத்துப் பாருங்கள். வாரந்தோறும் எடுக்கும் பழைய நீரை வீணாக்காமல் கறிவேப்பிலைச் செடிக்கும் துளசிக்கும் ஊற்றுங்கள். தொட்டியில் மிகையான உரம் அங்கே பயன்படும்.