நெற்குலை நோயும் கண்ணுக்குப் புலப்படாத நாட்களும்

நெல்லைத் தாக்கும் பூசண நோய்களுள் குலை நோயே பெருங்கேடு விளைப்பது. நம் நாட்டு மலாய் உழவர்கள் இதனைக் 'கராஹ்' என்பர். இலையில் கண் போன்ற வடிவில், நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமுமாகப் புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்தை நோய் பற்றினாலோ மணி பிடியாது, எஞ்சுவது பதரே.

புள்ளியைக் கண்டபின் மருந்து தெளித்தால் போதாதோ எனின், போதாது. பூசணத்தின் நுண்வித்து ஈர இலையில் ஒட்டிச் சில மணி நேரத்தில் முளைத்து, முனையில் குமிழ் போன்ற ஓர் உறுப்பை அமைத்துக்கொள்கிறது. குமிழின் சுவரில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் படிந்ததும் உள்ளழுத்தம் பெருகி, காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 80 மடங்கை எட்டும். மோட்டார் வண்டிச் சக்கரத்தில் நாம் அடைப்பது இரண்டு மடங்குக்குச் சற்று மேலே! அவ்விசையால் இலைத்தோலைத் துளைத்து உட்புகுகிறது. டிரைசைக்ளசோல் என்னும் மருந்து மெலனின் உண்டாவதைத் தடுத்துக் குமிழை வலுவிழக்கச் செய்வது. புகுந்துவிட்ட பூசணத்தின்முன் அதனால் பயன் சிறிதே. புள்ளி தெரிவதோ நான்கைந்து நாட்கள் கழித்து. அந்நாட்களை மீட்கவே ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர்.

இதற்குப் பச்சையமே துணை. அது தான் பெற்ற ஒளியில் சிறு பகுதியைச் செவ்வொளியாகத் திருப்பி உமிழும். இருளில் வைத்த இலையைத் திடீரென வெளிச்சத்திற் காட்டினால் அவ்வொளிர்வு உயர்ந்து தாழ்வதை 1931-இல் ஜெர்மனியில் கௌட்ஸ்கியும் ஹிர்ஷும் வெளியிட்டனர். இலை நலிவுற்றால் இவ்வேற்ற இறக்கம் மாறுபடும். கருவிகள் அதனை அளக்கின்றன. ஆசிரியர்கள் இவ்வொளிர்வை வகுப்பிலேயே காட்டலாம். கீரையை அரைத்து, எரிசாராயத்தில் கலந்து வடிகட்டி, இருட்டறையில் கைவிளக்கு ஒளியைப் பாய்ச்சிப் பக்கவாட்டில் நோக்கினால் பச்சைச் சாறு சிவந்து தோன்றும். (அருகில் நெருப்பு ஆகாது.)

இலைத்துளைகள் மூடினால் நீராவி வெளியேறாமல் இலை சூடேறும். வெப்பப் படக்கருவி இதனைக் காட்டும். ஆயினும் இவ்வழிகளின் குறை பெரிது. நீர்க்குறையால் வாடும் பயிரும் அவ்வாறே சூடேறும். பயிர் நலிந்திருப்பதைக் கருவி உணர்த்துமேயன்றி, நலிவு யாதென எளிதிற் சொல்லாது. தழைச்சத்து மிகுந்து கரும்பச்சையாய்ச் செழித்த வயலையே குலை நோய் விரும்பிப் பற்றும் என்பது இன்னொரு சிக்கல். பார்வைக்கு அவ்வயலே நலமுடையது! ஆதலின் கருவி சுட்டிய இடத்தில் இலையைப் பறித்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பூசணத்தைத் தேடும் வேலை இன்றும் ஒழிந்தபாடில்லை.